பலாப் பலகையில் ஓர் எலக்ட்ரிக் கிட்டார்

கிட்டார் ஒன்றைச் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: அகூஸ்டிக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள், எலக்ட்ரிக்கில் தொடங்குங்கள். அகூஸ்டிக் கிட்டாரில் ஒலியைத் தருவதே மேல்பலகைதான். அதை 3 மில்லிமீட்டருக்கும் மெல்லிசாக இழைக்க வேண்டும், பக்கப் பலகைகளைச் சூட்டில் வளைக்க வேண்டும், உள்ளே தாங்குசட்டங்களை ஒட்ட வேண்டும். எலக்ட்ரிக்கில் இந்த வேலை எதுவும் இல்லை. எஃகுக் கம்பி அதிர்கிறது. அதன் அடியில் காந்தமும் செப்புச் சுருளும் சேர்ந்த பிக்கப் அந்த அதிர்வை மின்சாரமாக மாற்றுகிறது. ஆம்ப் அதைப் பெருக்குகிறது. மரத்துக்கு முக்கியமான வேலை, இவை எல்லாவற்றையும் அசையாமல் பிடித்துக்கொள்வதுதான்.

நான் எடுத்துக்கொண்டது டெலிகாஸ்டர் வடிவம். கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்டன் என்ற ஊரில் ரேடியோ பழுதுபார்த்துக்கொண்டிருந்த லியோ ஃபெண்டர் 1950இல் சந்தைக்குக் கொண்டுவந்த கிட்டார் அது. 1951இல்தான் இந்தப் பெயர் வந்தது. அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் பாகம் கெட்டாலும் கழற்றி மாற்றும்படி ஒரு கருவி இருக்க வேண்டும் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். ஒரு தட்டைப் பலகை, அதில் நாலு ஸ்க்ரூ போட்டுப் பூட்டிய கழுத்து, மேலே கம்பிகளைத் தாங்கும் ஒரு பிரிட்ஜ், இரண்டு பிக்கப். தொழிற்சாலையில் சீக்கிரம் செய்வதற்காக எளிமையாக்கப்பட்ட அந்த அமைப்பு, வீட்டுக் கொல்லையில் செய்பவருக்கும் அப்படியே பொருந்துகிறது.

வேலையில் இறங்குவதற்கு முன் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இந்தக் கருவியில் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தலைவலி தருகிற இடங்கள் மூன்று: நடுக்கோடு, கழுத்து உட்காரும் குழி, நட்டிலிருந்து (கழுத்தின் தலைப்பக்கத்தில் கம்பிகள் உட்காரும் பள்ளமுள்ள துண்டு) பிரிட்ஜ் வரையிலான தூரம். மற்ற இடங்களில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் முன்னே பின்னே போனால் யாருக்கும் தெரியாது. பாடியின் வளைவு கொஞ்சம் மாறினால் அது உங்கள் கிட்டாரின் வளைவு, அவ்வளவுதான். ஆரம்பத்தில் செய்பவர்கள் எல்லா இடத்திலும் ஒரே அளவு கவலைப்பட்டுக் களைத்துப் போகிறார்கள். கவலையை அந்த மூன்று இடங்களுக்குச் சேர்த்து வையுங்கள்.

கழுத்தை நான் செய்யவில்லை, ஆயத்தமாகக் கிடைப்பதை வாங்கினேன். முதல் கிட்டாருக்கு இதையே எல்லோருக்கும் சொல்வேன். கழுத்துக்குள் அதன் வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓட வேண்டும், விரற்பலகையை உருண்டையாக இழைக்க வேண்டும், குறுக்கே வரும் உலோகக் கட்டைகளான ஃபிரெட்டுகளுக்குப் பள்ளங்களைக் கணக்காக அறுக்க வேண்டும். ஒவ்வொரு ஃபிரெட்டும் மிச்சமிருக்கும் கம்பி நீளத்தை 17.817ஆல் வகுத்து வருகிற இடத்தில் இருக்க வேண்டும். 647.7 மில்லிமீட்டர் அளவுக் கழுத்தில் முதல் ஃபிரெட் 36.35 மில்லிமீட்டரில் வரும். ஒவ்வொன்றாகக் குறுகிக்கொண்டே போய், 12ஆவது ஃபிரெட் சரிபாதியில், 323.85இல் விழும். வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகின் மேல் வைத்து, காதால் கேட்டு, நகர்த்திச் சரிசெய்வார்கள். மெழுகு தேய்ந்தால் மறுபடியும் மேளம் கட்டலாம், அதாவது மெட்டுகளைப் புதிதாக அமைக்கலாம். கிட்டாரில் பள்ளம் அறுத்தால் அறுத்ததுதான். அந்த வேலையை இரண்டாவது கிட்டாருக்குத் தள்ளிப்போடுவதில் ஒரு குறைவும் இல்லை.

கழுத்து கையில் வந்ததும் வெர்னியர் காலிபரால் அளந்து எழுதி வையுங்கள். அடிப்பகுதியின் அகலம் 56 மில்லிமீட்டரை ஒட்டியும் தடிமன் 25 மில்லிமீட்டரை ஒட்டியும் இருக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் கையில் இருக்கும் கழுத்துக்கு என்ன அளவோ அதுதான் கணக்கு. நட்டின் ஓரத்திலிருந்து 12ஆவது ஃபிரெட் வரை அளந்து இரண்டால் பெருக்குங்கள். 647.7 வருகிறதா, 628 பக்கம் வருகிறதா என்று பாருங்கள். பின்னது கிப்சன் கம்பெனி கிட்டார்களின் அளவு. விற்பவர் சொன்னதை நம்பிப் பிரிட்ஜுக்குத் துளை போட வேண்டாம்.

மரத்துக்கு வருவோம். வெளிநாட்டு வரைபடங்களில் ஆல்டர், ஆஷ் என்றுதான் இருக்கும். எங்கள் கடலூர்ப் பக்கம் அதைத் தேடிக்கொண்டிருப்பது வீண். பக்கத்திலேயே பண்ருட்டி இருக்கிறது, பலா இருக்கிறது. தஞ்சாவூரில் வீணையும் மிருதங்கமும் செய்பவர்கள் நம்பிப் பிடிக்கிற மரம் அது. எலக்ட்ரிக் கிட்டாரில் மரம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்று கிட்டார்க்காரர்கள் முடிவில்லாமல் வாதம் செய்வார்கள். ஆம்ப் வழியாக வரும் ஒலியில் பிக்கப்புக்கும் கம்பிகளின் அமைப்புக்கும்தான் பெரும் பங்கு என்பது என் கருத்து. நான் பலாவைத் தேர்ந்தெடுத்தது ஒலிக்காக இல்லை. இந்த மண்ணில் இசைக்கருவிக்கென்று பழகிய மரத்தில்தான் என் கிட்டாரும் இருக்க வேண்டும் என்ற ஆசைக்காக.

ஆனால் எந்த மரமானாலும் காய்ந்திருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. காற்றில் உலர்த்தினால் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருஷம் என்பது மரவேலைக்காரர்களின் கணக்கு. கிட்டார் பாடிக்கு 45 மில்லிமீட்டர் தடிமன் வேண்டும், அதாவது இரண்டு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட. கடையில் 'காய்ஞ்சதுதான் சார்' என்று சொல்லி விற்பதை உடனே அறுக்காதீர்கள். வீட்டுத் தராசில் எடை போட்டு, பலகையின் மேலேயே தேதியோடு எழுதி, வாரம் ஒருமுறை மறுபடி போட்டுப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே இருந்தால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. குறைவது நின்ற பிறகுதான் அது வேலைக்கு ஆகும்.

இதைவிடச் சுலபமான வழியை எங்கள் தெரு ஆசாரி அண்ணன் காட்டினார். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் பலா உத்திரம். பல காலம் கூரைக்கு அடியில் காய்ந்த மரம். புதிதாக அறுத்த பலா பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். வருஷம் போகப் போக வெளிச்சம் பட்டுச் செம்பழுப்பாக மாறும். எங்களுக்குக் கிடைத்ததில் வெளித்தோல் கறுத்திருந்தது, இழைத்ததும் உள்ளே தேன் நிறம். பழைய மரத்தில் ஒரே ஆபத்து ஆணி. மேலே தெரியாமல் உள்ளே முறிந்து கிடக்கும். பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, பலகையின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஆணி மேலாக இருந்தால் காந்தம் அந்தப் பக்கம் இழுபடும். எங்கள் உத்திரத்தில் அப்படி இரண்டு இடம் தெரிந்தது. அந்தப் பகுதியை ஒதுக்கிவிட்டுத்தான் இழைக்கும் மெஷினுக்குக் கொண்டுபோனோம்.

ஒரே அகலப் பலகை தேவையில்லை. 165 மில்லிமீட்டர் அகலத்தில் இரண்டு துண்டுகளைப் பக்கவாட்டில் ஒட்டினால் போதும். ஒட்டும் விளிம்புகளைப் பசை இல்லாமல் சேர்த்து வைத்து வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். வெளிச்சம் ஊடுருவினால் இன்னும் இழைக்க வேண்டும். கிளாம்ப் போட்டு இறுக்கி இடைவெளியை மூடலாம் என்று நினைக்காதீர்கள், பின்னாளில் விட்டுக்கொள்ளும். பசை தடவி இறுக்கும்போது இணைப்பு முழுக்கச் சிறு மணிகளாகப் பசை பிதுங்கி வர வேண்டும். அப்புறம் ஒரு நாள் முழுக்கத் தொடாமல் விடுங்கள்.

ஒட்டிய பலகையை மேசையில் போட்டதும் ஆசாரி அண்ணன் என்னை ரம்பத்தை எடுக்க விடவில்லை. "நடுக்கோடு போடு தம்பி. கோடு இல்லாம மரத்துல கை வைக்காத" என்றார். இதை நான் அப்படியே கடைப்பிடிக்கிறேன். பலகையின் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு தலைப்பக்கம் எல்லாவற்றிலும் ஒரே நடுக்கோடு சுற்றி வர வேண்டும். கழுத்துக்குழி, பிக்கப் குழிகள், பிரிட்ஜ் எல்லாம் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்கப்படும். பாடியின் விளிம்பிலிருந்து எதையும் அளக்காதீர்கள். விளிம்பு வளைவாக இருக்கும், உப்புத்தாள் தேய்க்கத் தேய்க்க மாறிக்கொண்டும் இருக்கும்.

வரைபடத்தை முழு அளவில் பிரிண்ட் எடுக்கும்போது கடையில் 'தாளுக்கு ஏற்றபடி' சுருக்கிவிடுவார்கள். படத்தில் 100 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்து, பிரிண்ட் வந்ததும் கடையிலேயே ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அதை எம்.டி.எஃப். பலகையில் ஒட்டி அறுத்து, அரத்தால் பதமாக்கினால் டெம்ப்ளேட் தயார். டெம்ப்ளேட்டில் நேரம் செலவழிக்கத் தயங்காதீர்கள். மரத்தில் குழி எடுக்கவும் விளிம்பைச் சீராக்கவும் பயன்படும் மெஷினான ரூட்டரின் பிட்டில் இருக்கும் பேரிங் டெம்ப்ளேட்டின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே ஓடும். அதில் உள்ள மேடுபள்ளம் எல்லாம் மரத்தில் வந்துவிடும்.

இந்த முழு வேலையிலும் பயத்தோடு அணுக வேண்டிய கருவி ரூட்டர். நிமிஷத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்கிற பிளேடு அது. கண்ணாடி, மாஸ்க், காதடைப்பு மூன்றும் இல்லாமல் சுவிட்சைத் தொடக் கூடாது. மரத்தூள் நுரையீரலுக்கு ஆகாது, தேக்கும் ஈட்டியும் சிலருக்குத் தோல் அரிப்பையும் தரும். கடையில் பிட் வாங்கும்போது தண்டின் தடிமனைக் கேட்டு வாங்குங்கள். 6 மில்லிமீட்டர் தண்டும் கால் அங்குலத் தண்டும், அதாவது 6.35 மில்லிமீட்டர், பார்க்க ஒன்று போலவே இருக்கும். தண்டைப் பிடிக்கும் காலட் கால் அங்குலமாக இருக்க, அதில் 6 மில்லிமீட்டர் பிட்டைப் போட்டால் ஓடும்போது நழுவி இறங்கிவிடும். அப்படி நழுவினால் மரமும் போகும், விரலுக்கும் ஆபத்து.

ஒரே மூச்சில் ஆழமாக இறக்காதீர்கள். ஒரு தடவைக்கு 4, 5 மில்லிமீட்டர் போதும். வெளி விளிம்பைச் சுற்றி வரும்போது ரூட்டரைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையிலும், குழிக்குள் கடிகாரத் திசையிலும் நகர்த்த வேண்டும். மாற்றி நகர்த்தினால் பிட் மரத்தைக் கவ்விக்கொண்டு ஓடப் பார்க்கும். வளைவில் ரேகை திரும்பும் இடங்களில் மரம் சில்லாகப் பெயரும். அதனால் ஜிக்சாவால் அறுக்கும்போதே கோட்டுக்கு வெளியே 2 மில்லிமீட்டர்தான் மிச்சம் வைக்க வேண்டும். ரூட்டர் தின்பதற்கு அதிகம் இருக்கக் கூடாது. குழிகளில் முதலில் டிரில் போட்டுப் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, பக்கச்சுவரை மட்டும் ரூட்டருக்கு விட்டால் வேலையும் சுத்தம், பிட்டும் நீடிக்கும்.

கழுத்துக்குழிக்கு வருகிறேன். ஆழம் 16 மில்லிமீட்டர். 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள கழுத்து அதில் உட்கார்ந்தால் விரற்பலகை பாடிக்கு மேல் 9 மில்லிமீட்டர் எழும்பி நிற்கும். ஃபிரெட் உயரமும் கம்பி உயரமும் சேர்ந்தால், தட்டையான டெலிகாஸ்டர் வகை பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடில்கள் நடுவாந்தரமான உயரத்தில் நிற்கும். ஏற்றவும் இறக்கவும் இடம் இருக்கும். கிப்சனின் லெஸ் பால் வகைக் கிட்டார்களில் வரும் பிரிட்ஜ் இதைவிட உயரம். அதற்குக் கழுத்தைச் சில டிகிரி பின்னால் சாய்க்க வேண்டும். முதல் தடவைக்குத் தட்டை பிரிட்ஜே நல்லது என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

குழியின் தரை பாடியின் மேற்பரப்புக்கு இணையாக இருக்கிறதா என்று நாலு மூலையிலும் வெர்னியரின் வால்பகுதியை விட்டு அளங்கள். குழியின் நீளம் 76 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். ஆனால் அதன் முன்விளிம்பிலிருந்து பிரிட்ஜ் 26 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் குழியில் அரை மில்லிமீட்டர் சாய்வு, பிரிட்ஜில் ஒன்றே முக்கால் மில்லிமீட்டர் ஆகிறது. நாம் வைக்கப்போகும் கம்பி உயரமே அவ்வளவுதான். பக்கவாட்டிலும் அதே கணக்கு. கழுத்து ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் திரும்பியிருந்தால் மெல்லிய முதல் கம்பி விரற்பலகையின் ஓரத்தை ஒட்டி ஓடி, விரல் பட்டதும் நழுவி வெளியே விழும். பிட் விடுகிற உருண்டை மூலைகளை உளியால் எடுங்கள். கழுத்தைக் குழியில் அழுத்திவிட்டு, ஸ்க்ரூ இல்லாமல் கழுத்தைப் பிடித்துத் தூக்கினால் பாடியும் கூடவே வர வேண்டும். மேசைக்குச் சற்று மேலேயே தூக்கிப் பாருங்கள், அதிகம் வேண்டாம். ஃபினிஷ் பூசப் போகிறீர்கள் என்றால் குழிச்சுவரில் பூச்சு ஏறாமல் டேப் ஒட்டிவிடுங்கள்.

பிரிட்ஜின் இடத்தைக் கடைசியாகத்தான் முடிவு செய்ய வேண்டும், அதுவும் கழுத்தைப் பொருத்திய பிறகு. காகிதக் கணக்கை நம்பிப் பயனில்லை. நட்டின் இரண்டு ஓரப் பள்ளங்களிலிருந்து மீன்பிடி நூலை இழுத்து, பிரிட்ஜின் முதல், ஆறாவது சேடில்களில் கட்டினேன். இரண்டு நூலும் விரற்பலகையின் ஓரங்களிலிருந்து ஒரே தூரத்தில் ஓடும் வரை பிரிட்ஜைப் பக்கவாட்டில் நகர்த்தினோம். நூல் பிடித்துப் பார்ப்பது ஆசாரி அண்ணனுக்குக் கதவு நிலை வைக்கும்போது தினமும் செய்கிற வேலை. அவர் கண் அதில் என் ஸ்கேலைவிட நம்பகமானது. நீளவாக்கில், முதல் கம்பியின் சேடிலை அதன் ஓட்டத்தில் முன்பக்கமாக, அதாவது நட்டின் பக்கமாக, நகர்த்தி, இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் முன்னே போக இடம் விட்டு, அதை நட்டிலிருந்து 647.7இல் வைக்க வேண்டும். தடித்த கம்பிகள் சுருதி சேர இன்னும் 3, 4 மில்லிமீட்டர் பின்னே போகும். பின்னே போக இடம் இல்லாமல் பிரிட்ஜைப் பூட்டிவிட்டால் துளையை அடைத்து மறுபடி போடுவதைத் தவிர வழி கிடையாது.

கழுத்துக்கு ஸ்க்ரூ போடும்போது ஒரு நுணுக்கம். பாடியில் உள்ள துளை, ஸ்க்ரூ தடையில்லாமல் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். கழுத்தில் உள்ள துளை மட்டுமே பிடிக்க வேண்டும். இரண்டிலும் மரை பிடித்தால் நடுவில் இடைவெளி நின்றுவிடும், எவ்வளவு முறுக்கினாலும் கழுத்து குழியோடு ஒட்டாது. கழுத்தின் மேப்பிள் கெட்டியான மரம் என்பதால் ஸ்க்ரூவில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டு முறுக்குங்கள், தலை முறியாது.

உப்புத்தாள் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 80இல் தொடங்கி 120, 180, 240 என்று படிப்படியாகப் போங்கள், இடையில் எதையும் தாண்டாதீர்கள். பூச்சுக்கு நான் அரக்குப் பாலிஷ் எடுத்துக்கொண்டேன். ஸ்ப்ரே வேண்டாம், துணியும் ஸ்பிரிட்டும் போதும், எங்காவது கீறினால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி பூசலாம். பலாவின் நிறத்தை அது எடுத்துக்காட்டும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் பக்கம் இந்த வேலை ஆகாது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பூச்சு வெள்ளையாகப் பூத்துவிடும். மழை விட்டுத் தை பிறந்த பிறகுதான் பூசினேன்.

வயரிங்கைக் கண்டு பலர் மலைக்கிறார்கள். உண்மையில் டெலிகாஸ்டரில் இருப்பது ஒலியளவையும் டோனையும் மாற்றும் இரண்டு பாட், ஒரு மூன்று வழி சுவிட்ச், ஒரு கெபாசிட்டர், ஒரு ஜாக். ஒற்றைச் சுருள் பிக்கப்புகளுக்கு 250 கிலோ ஓம் பாட் பொருத்தம், இரட்டைச் சுருள் கொண்ட ஹம்பக்கருக்கு 500. டோனுக்கு 0.022 அல்லது 0.047 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். சால்டரிங் அயர்ன் மட்டும் 60 வாட் எடுங்கள். பாட்டின் முதுகு பெரிய உலோகம், சூட்டை இழுத்துக்கொள்ளும். சிறிய அயர்னை அதில் நெடுநேரம் வைத்தால் உள்ளே இருக்கும் கார்பன் தடம் வெந்துவிடும். முதுகை உப்புத்தாளால் லேசாகச் சுரண்டிவிட்டு, சூடான அயர்னால் சட்டென்று ஈயம் ஏற்றி எடுத்துவிட வேண்டும்.

நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். வீட்டு வயரிங், டியூப்லைட் சோக், மோட்டார் எல்லாவற்றிலிருந்தும் அந்த இரைச்சலை ஒற்றைச் சுருள் பிக்கப் வாங்கிக்கொள்ளும். இதற்காகக் குழிகளின் உள்ளே முழுக்கச் செப்பு டேப் ஒட்டி, எல்லாத் துண்டுகளும் ஒன்றோடொன்று மின்தொடர்பில் இருக்கும்படி சால்டர் வைத்து, கிரவுண்டோடு சேர்த்தேன். பிக்கப் வாங்கும்போது ஒன்று எதிர்ச்சுற்றாகவும் எதிர்க்காந்தமாகவும் இருக்கும் ஜோடியாகக் கேளுங்கள். சுவிட்சை நடுவில் வைத்தால் இரண்டின் இரைச்சலும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பிரிட்ஜுக்கு அடியிலிருந்து ஒரு கிரவுண்ட் வயர் கண்டிப்பாகப் போக வேண்டும். கம்பி மாட்டியதும் மல்டிமீட்டரின் ஒரு முனையைக் கம்பியிலும் மறுமுனையை ஜாக்கின் வெளி உறையிலும் வையுங்கள். பீப் கேட்க வேண்டும். மூடி போடும் முன் ஆம்பில் சொருகி, ஸ்க்ரூடிரைவரால் ஒவ்வொரு பிக்கப்பையும் லேசாகத் தட்டிப் பாருங்கள். சுவிட்ச் சொல்கிற பிக்கப்தானா ஒலிக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும்.

கம்பி மாட்டியதும் அது உடனே நன்றாக ஒலிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். தடிமன் 10இலிருந்து 46 வரை (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) உள்ள கம்பிக் கட்டு கழுத்தை 45 கிலோவுக்கும் மேலான விசையில் இழுக்கிறது. கழுத்து அதற்கு வளைந்து பழக வேண்டும். ஒரு நாள் சுருதியில் வைத்துவிட்டுத்தான் சரிசெய்யத் தொடங்க வேண்டும். முதல் ஃபிரெட்டிலும் 17ஆவது ஃபிரெட்டிலும் ஆறாவது கம்பியை அழுத்திப் பிடித்தால் 7ஆவது ஃபிரெட் பக்கம் கால் மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராட்டைக் கடிகாரத் திசையில் கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம், சற்றுப் பொறுத்து மறுபடி பாருங்கள். பிறகு 12ஆவது ஃபிரெட்டில் கம்பி உயரம்: ஆறாவது கம்பிக்கு 2 மில்லிமீட்டர், முதல் கம்பிக்கு ஒன்றரையை ஒட்டி. நட்டின் பள்ளம் சரியா என்று பார்க்க, கம்பியை மூன்றாவது ஃபிரெட்டில் அழுத்தினால் முதல் ஃபிரெட்டின் மேல் ஒரு தாள் அளவு இடைவெளி மட்டும் இருக்க வேண்டும். விலை குறைந்த கழுத்துகளில் இந்த இடம்தான் அதிகம் உயர்ந்து நிற்கும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் முதல் இரண்டு ஃபிரெட்டில் பிடிக்கிற கார்டுகள் எல்லாம் சுருதி ஏறி ஒலிக்கும், புதிதாக வாசிப்பவர் தன் விரலைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்.

கடைசியாக இண்டோனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுருதி சேர்கிறதா என்று பார்ப்பது. 12ஆவது ஃபிரெட்டின் மேல் கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு ஹார்மானிக்கை ஒலிக்கச் செய்யுங்கள், பிறகு அதே ஃபிரெட்டை அழுத்தி மீட்டுங்கள், இரண்டையும் டியூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் சேடிலைப் பின்னே தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் கம்பியை மறுபடி சுருதி சேர்க்க வேண்டும். கழுத்துக்குழியிலும் பிரிட்ஜிலும் பட்ட பாட்டுக்குப் பலன் இங்கேதான் தெரிகிறது. ஆறு சேடிலும் அவற்றின் ஓட்டத்துக்குள்ளேயே நின்று சுருதி சேர்ந்தபோது எனக்கு வந்த சந்தோஷம் பெரியது. ஆசாரி அண்ணனைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். "வீணைக்கட்டைதானே, பாடாம எங்க போகும்?" என்றார்.

இவ்வளவும் செய்த பிறகு, பருவம் மாறும்போது ட்ரஸ் ராட்டை மறுபடி பாருங்கள். எங்கள் பக்கம் சித்திரை வெயிலில் ஓர் அளவும் மழைக்காலத்தில் ஓர் அளவுமாகக் கழுத்து கொஞ்சம் அசையும். ஆலன் சாவியைக் கிட்டார் உறையிலேயே போட்டு வைத்திருக்கிறேன்.